'மோர்' எங்கே, 'எர்' எங்கே? ஆங்கில எழுத்தில் வினையடைகளின் ஒப்புநிலை

1894-இல் பாரிஸில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு பிறந்தபோது, பியர் த கூபர்த்தென் மூன்று லத்தீன் சொற்களை முழக்கமாக முன்வைத்தார்: 'சிட்டியுஸ், ஆல்ட்டியுஸ், ஃபார்ட்டியுஸ்'. மூன்றுமே ஒப்புநிலையில் நிற்கும் வினையடைகள். இன்னும் விரைவாக ஓடு, இன்னும் உயரமாகத் தாண்டு, இன்னும் வலுவாகச் செயல்படு என்று அவை செயலைப் பற்றியே பேசுகின்றன. ஆங்கிலத்தில் இது 'ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்' ஆயிற்று. முதல் இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும். 'ஸ்ட்ராங்கர்' அப்படியல்ல. இன்றைய எழுத்தாங்கிலத்தில் அது பெரும்பாலும் பெயரடையாகவே வரும். வினையடை வேண்டுமானால் 'மோர் ஸ்ட்ராங்லி' என்று எழுத வேண்டும். முழக்கத்தின் தாளத்துக்கு அது பொருந்தாது. இரண்டு சொல் ஒரு வழியிலும் மூன்றாவது சொல் வேறு வழியிலும் போவது ஏன் என்று கேட்டால், ஆங்கில மொழியின் ஆயிரம் ஆண்டு வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

நம் பள்ளிகளில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' என்ற பாடத்தைக் கடக்காதவர் யாரும் இல்லை. பாசிட்டிவ், கம்பேரிட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று மூன்று நிலைகள். ஒரு வாக்கியத்தை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். கேள்வித்தாளில் வருபவை பெரும்பாலும் பெயரடைகள்தாம்: இந்த மலை அந்த மலையைவிட உயரமானது, இந்த நகரம் அந்த நகரத்தைவிடப் பெரியது. வினையடைகளும் இப்படியே என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். 'இப்படியே' என்ற அந்தச் சொல்தான் தவறு. பெயரடையின் ஒப்புநிலைக்கும் வினையடையின் ஒப்புநிலைக்கும் பொதுவான இடங்கள் உண்டு. ஆனால் எழுதுகிறவருக்குத் தொல்லை வருவது அவை பிரியும் இடங்களில்.

அடிப்படை அமைப்பு எளியது. 'லி' விகுதியில் முடியும் வினையடைகள் பெரும்பாலும் முன்னால் 'மோர்' சேர்த்துக்கொள்ளும்: 'மோர் கேர்ஃபுல்லி', 'மோர் குயிக்லி', 'மோர் ஈசிலி'. பெயரடையின் வடிவத்திலேயே நிற்கும் ஃபாஸ்ட், ஹார்ட், லேட், லாங், ஹை, லோ, டீப், நியர் முதலியவையும், 'ஏர்லி', 'சூன்' ஆகியவையும் 'எர்' விகுதி ஏற்கும். 'ஏர்லி'யின் ஈற்றில் 'லி' இருந்தாலும் அது பெயரடையாகவும் ஆளப்படும் சொல் என்பதால் 'ஏர்லியர்' ஆகிறது. மூன்றாவதாக, எந்த விதிக்கும் கட்டுப்படாத ஒரு சிறு கூட்டம்: வெல் 'பெட்டர்' ஆகும், பேட்லி 'வொர்ஸ்' ஆகும், மச் 'மோர்' ஆகும், லிட்டில் 'லெஸ்' ஆகும், ஃபார் 'ஃபார்தர்' அல்லது 'ஃபர்தர்' ஆகும். எண்ணிக்கையில் சிறிய இந்தக் கூட்டம்தான் எழுத்தில் மிகுதியாகப் புழங்குகிறது. இவை இல்லாமல் ஒரு நாளிதழ்ப் பக்கத்தை நிரப்ப முடியாது.

பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கும் வினையடைக்கும் ஒப்புநிலை விகுதிகள் வேறுவேறாக இருந்தன. பெயரடை 'ரா' ஏற்றது. வினையடை 'ஓர்' ஏற்றது. சொல்லைக் கேட்டாலே பொருளைப் பற்றிய பேச்சா, செயலைப் பற்றிய பேச்சா என்று தெரிந்துவிடும். இடைக்கால ஆங்கிலத்தில் சொற்களின் ஈற்று உயிர்கள் தேய்ந்தன. இரண்டு விகுதிகளும் 'எர்' என்ற ஒன்றாகக் கலந்தன. வினையடையாக்கும் 'எ' என்ற ஈற்றொலியும் மறைந்ததால், 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' போன்ற சொற்களில் பெயரடையும் வினையடையும் ஒரே வடிவத்தில் வந்து நின்றன. இலக்கணக்காரர்கள் இவற்றைத் 'தட்டை வினையடைகள்' என்று அழைக்கிறார்கள். பெயரடையிலிருந்து வினையடையைப் பிரித்துக் காட்ட ஏதாவது ஓர் அடையாளம் தேவைப்பட்டது; அந்த வேலையை 'லி' ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லாச் சொற்களும் அந்த அடையாளத்தைத் தாங்கிக்கொள்ளவில்லை. 'ஸ்ட்ராங்லி' வந்தது, 'ஃபாஸ்ட்லி' நிலைக்கவில்லை. ஒலிம்பிக் முழக்கத்தின் மூன்றாவது சொல் தனித்து நிற்பதற்கு இதுவே காரணம்.

பழைய அடுக்குகள் இன்னும் மொழியின் மேற்பரப்பிலேயே தெரிகின்றன. 'நியர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இது முதலில் 'நை' என்ற சொல்லின் ஒப்புநிலை. 'இன்னும் அருகில்' என்பதே அதன் பொருள். 'நெக்ஸ்ட்' அதன் உச்சநிலை. காலப்போக்கில் 'நியர்' தன் ஒப்பீட்டுப் பொருளை இழந்து வெறும் 'அருகில்' ஆனதும், அதற்கு மேல் இன்னொரு 'எர்' ஏறி 'நியரர்' பிறந்தது. வரலாற்றுக் கணக்கில் அது இரட்டை ஒப்புநிலை. 'ராதர்' என்பதும் 'விரைவாக' என்ற பொருளுடைய ஒரு பழைய வினையடையின் ஒப்புநிலைதான். எது விரைவில் நிகழ வேண்டுமென்று மனம் விரும்புகிறதோ அதுவே விருப்பம் ஆயிற்று. 'சூனர்' இன்றும் இந்த இரண்டு பொருளிலும் வருகிறது. 'தி மோர், தி பெட்டர்' என்ற வாய்பாட்டில் வரும் 'தி' வழக்கமான சுட்டு அல்ல. 'அந்த அளவால்' என்று பொருள்தந்த பழைய கருவி வேற்றுமை வடிவத்தின் எச்சம். 'நெவர்தலெஸ்' என்ற சொல்லின் நடுவிலும் அதே 'தி' உட்கார்ந்திருக்கிறது.

'மோர்' சேர்த்து ஒப்பிடும் வழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் எழுத்தில் தென்பட்டு, அடுத்த முந்நூறு ஆண்டுகளில் வேரூன்றியது. இரண்டு வழிகளும் அருகருகே ஓடியதால் எழுத்தாளர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் 'மோர் பெட்டர்' வருகிறது. அன்று அது பிழையே அல்ல. 1640-இல் வெளிவந்த தன் ஆங்கில இலக்கணத்தில் பென் ஜான்சன், இப்படி இரட்டித்துச் சொல்வதைப் பண்டைய கிரேக்கர்களின் நேர்த்தியான நடைக்கு நிகரானது என்று பாராட்டியே எழுதினார். சரியாக 122 ஆண்டுகள் கழித்து, 1762-இல், பின்னாளில் லண்டன் ஆயரான ராபர்ட் லவுத் தன் இலக்கண நூலில் இரட்டை ஒப்புநிலை முறையற்றது என்று தீர்ப்பளித்தார். கடவுளைக் குறிக்கும்போது திருப்பாடல்களின் பழைய மொழிபெயர்ப்பில் வரும் 'மோஸ்ட் ஹையஸ்ட்' என்ற தொடருக்கு மட்டும் விலக்கு அளித்தார். பெயரடையை வினையடையாக ஆள்வதையும் லவுத் குறை சொன்னார். 1795-இல் வந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம் இந்தத் தீர்ப்புகளைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோயிற்று. இன்று ஒரு மாணவர் 'மோர் பெட்டர்' என்று எழுதினால் சிவப்பு மை பாய்வதற்குக் காரணம் மொழியின் இயல்பு அல்ல; பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களின் முடிவு. அந்த முடிவு எழுத்தாங்கிலத்தில் முழுமையாக வென்றுவிட்டது என்பதால் அதை மீற நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்றைய எழுத்தில் உண்மையான இழுபறி ஒரே ஒரு வரிசையில் நடக்கிறது: 'ஸ்லோவர்' எதிர் 'மோர் ஸ்லோலி', 'குயிக்கர்' எதிர் 'மோர் குயிக்லி', 'ஈசியர்' எதிர் 'மோர் ஈசிலி', 'லவுடர்' எதிர் 'மோர் லவுட்லி', 'சீப்பர்' எதிர் 'மோர் சீப்லி'. பேச்சில் 'எர்' வடிவங்களே முந்துகின்றன. திருத்தப்பட்ட உரைநடையில் 'மோர்' வடிவங்கள் இன்னும் பிடியை விடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 'ஹீ ரேன் குயிக்' என்று யாராவது எழுதினால் கல்லாதவர் எழுத்து என்று வாசகர் நினைப்பார். 'ஹீ ரேன் குயிக்கர்' என்றால் அவ்வளவு உறுத்தாது. அதாவது, இயல்புநிலையில் ஏற்கப்படாத தட்டை வடிவம் ஒப்புநிலையில் ஏற்கப்படுகிறது. 'எர்' விகுதியே சொல்லுக்கு ஓர் அடையாளம் கொடுத்துவிடுவதால் 'லி' இல்லாத குறை மறைந்துவிடுகிறது என்று நான் எண்ணுகிறேன். அதனால்தான் 'ஈசியர் செட் தேன் டன்' என்ற மரபுத்தொடர் எந்த மேடையிலும் கூசாமல் நிற்கிறது.

இரண்டு வடிவங்களும் உயிரோடு இருக்கும் இடங்களில் ஆங்கிலம் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. தூரத்துக்கும் இடத்துக்கும் 'எர்'. மனத்துக்கும் மதிப்புக்கும் 'மோர்'. கிணற்றை 'டீப்பர்' தோண்டலாம். ஒருவர் 'மோர் டீப்லி' நெகிழலாம். பறவை 'ஹையர்' பறக்கும். அறிஞர் 'மோர் ஹைலி' மதிக்கப்படுவார். மேசைக்கு 'குளோசர்' வந்து நில்லுங்கள்; ஆவணத்தை 'மோர் குளோஸ்லி' ஆராயுங்கள். வாயை 'வைடர்' திறக்கலாம். நூல் 'மோர் வைட்லி' வாசிக்கப்படும். இந்தப் பிரிவினை விதியாக எழுதிவைக்கப்பட்டதல்ல. ஆனால் நல்ல எழுத்தில் இதை மீறுவது அரிது. நம் பாடநூல்கள் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

'ஃபார்தர்', 'ஃபர்தர்' இரண்டையும் இதே போலப் பிரிக்க முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு, அளக்கத்தக்க தூரத்துக்கு 'ஃபார்தர்', காலத்துக்கும் அளவுக்கும் 'ஃபர்தர்' என்கிறது. 1926-இல் எச்.டபிள்யூ. ஃபவுலர் தன் ஆங்கில வழக்கு அகராதியில், இந்த வேறுபாட்டை நடைமுறையில் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை, பலரும் 'ஃபர்தர்' என்ற ஒன்றையே எல்லாவற்றுக்கும் ஆள்கிறார்கள் என்று குறித்தார். பிரிட்டிஷ் எழுத்து பெரும்பாலும் அந்த வழியிலேயே போகிறது. வரலாறும் ஃபவுலர் பக்கம்தான்: 'ஃபார்தர்' என்பதே 'ஃபர்தர்' என்ற பழைய சொல்லின் திரிபு.

'ஆஃப்டனர்' என்ற வடிவத்தை ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் பார்க்கலாம். இன்று அதன் இடத்தில் 'மோர் ஆஃப்டன்' வந்துவிட்டது. எழுதுகிறவர்கள் வருந்தும் இழப்பு அல்ல இது.

மொழியியலாளர்கள் இந்தக் கேள்வியை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தது தரவகங்களால். 1961-இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டி பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு தரவகம் உருவானது. பின்னர் வந்த பிரிட்டிஷ் தேசியத் தரவகம் பத்துக் கோடிச் சொற்கள் கொண்டது. அதில் சுமார் 90 விழுக்காடு எழுத்து. நான்கு கோடிச் சொற்களை ஆராய்ந்து 1999-இல் டக்ளஸ் பைபர் குழுவினர் வெளியிட்ட லாங்மன் இலக்கணம், உரையாடல், புனைகதை, செய்தி, ஆய்வுரை என்று நான்கு களங்களைப் பிரித்து வைத்தே ஒவ்வொரு இலக்கணக் கூறையும் பார்த்தது. மெர்யா குட்டோவும் சூசன் ரொமெய்னும் 1997-இல் ஒப்புநிலையின் இரு வடிவங்களும் நூற்றாண்டுகளாகப் போட்டியிட்டதைத் தொகுத்தார்கள். வாக்கியம் சிக்கலாகும் இடங்களில் எழுத்தாளர்கள் 'மோர்' பக்கம் சாய்கிறார்கள், அந்தச் சொல் முன்கூட்டியே வாசகருக்கு ஒரு குறிப்புக் கொடுத்துவிடுகிறது என்று பிரிட்டா மோன்டார்ஃப் 2009-இல் ஒரு நூலே எழுதினார். இந்த ஆய்வுகளின் பெருங்கவனம் பெயரடைகள் மேல்தான். வினையடை அங்கும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

களத்துக்குக் களம் வினையடையின் பணி மாறுவதை ஒரு சாதாரண வாசகரே பார்த்துவிடலாம். செய்தியில் வரும் ஒப்புநிலைகளில் பெரும்பகுதி காலத்தைக் காட்டுபவை: 'ஏர்லியர்', 'லேட்டர்'. 'அமைச்சர் பின்னர் நிருபர்களிடம் கூறினார்' என்ற தொடருக்கு ஆங்கிலத்தில் 'லேட்டர்' இல்லாமல் வழியில்லை. அங்கே எதனோடு எது ஒப்பிடப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பீடு கரைந்து வெறும் காலக்குறிப்பு ஆகிவிட்டது. ஆய்வுரையில் வினையடை வாதத்தை நகர்த்தும் சுக்கான்: 'மோர் ஸ்பெசிஃபிக்கலி', 'மோர் ஜெனரலி', 'மோர் ரீசன்ட்லி', 'ஃபர்தர்'. இவை வாக்கியத்தின் தலையில் நின்று, அடுத்து வருவது முன்னதைவிடக் குறுகியதா, விரிந்ததா, புதியதா என்று சொல்லிவிடுகின்றன. இந்த வரிசையில் 'மோர் இம்பார்ட்டன்ட்லி' மட்டும் நெடுநாள் வசை வாங்கியது. 'லி' வேண்டாம், 'மோர் இம்பார்ட்டன்ட்' போதும் என்று ஒரு கட்சி வாதிட்டது. 'மோர் ஜெனரலி'யை ஏற்கிறவர் இதை மட்டும் ஒதுக்க வலுவான காரணம் எதுவும் இல்லை.

ஆய்வாளர்கள் விரும்பும் இன்னொரு தொடர் 'டு பெட்டர் அண்டர்ஸ்டேண்ட்'. 'டு' என்ற சொல்லுக்கும் வினைக்கும் நடுவே எதுவும் நுழையக் கூடாது என்ற பழைய கட்டளையை அது மீறுகிறது. வேண்டுமானால் 'பெட்டர்' என்பதை வினைக்குப் பின்னால் தள்ளி எழுதலாம். ஆனால் 'டு மோர் தேன் டபிள்' என்பதை என்ன செய்வது? ஒரு நிறுவனம் தன் உற்பத்தியை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்க எண்ணுகிறது என்றால், அந்த 'மோர் தேன்' நிற்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். விதி தோற்கும் இந்த இடத்தை அறிந்தவர்கள் அந்த விதியைப் பிடித்துத் தொங்குவதில்லை.

எழுத்துக்கே உரிய பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 'வீ நீட் மோர் கிளியர்லி ரிட்டன் ரூல்ஸ்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 'விதிகள் இன்னும் தெளிவாக எழுதப்பட வேண்டும்' என்பது ஒரு பொருள். 'தெளிவாக எழுதப்பட்ட விதிகள் இன்னும் பல வேண்டும்' என்பது இன்னொரு பொருள். முதல் பொருளில் இருக்கிற விதிகளின் நடை குறைசொல்லப்படுகிறது. இரண்டாவதில் நடை பாராட்டப்பட்டு எண்ணிக்கை மட்டும் போதவில்லை என்கிறார்கள். பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் வழிகாட்டலாம். தாளில் அந்த உதவி கிடையாது. இணைப்புக் கோடு போடவும் முடியாது; 'லி' வினையடைக்குப் பின் கோடு வேண்டாம் என்பதே பெரும்பாலான பதிப்பகங்களின் வழக்கம். ஒப்பந்தத்திலோ அரசாணையிலோ இப்படி ஒரு வரி நின்றால் அதன் விளைவு சிறியதல்ல.

இதே வாக்கியத்தில் 'மோர்' என்பதை எடுத்துவிட்டு 'லெஸ்' போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். விதிகளின் தெளிவு குறைவு என்றால் 'லெஸ்'. எண்ணிக்கை குறைவு என்றால் 'ஃபியூயர்'. குறைவுக்கு இரண்டு சொல் வைத்திருக்கும் மொழி மிகுதிக்கு ஒன்றே ஒன்று வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இதற்கும் இரண்டு இருந்தன. பழைய ஆங்கில வினையடையிலிருந்து வந்த 'மோ' என்ற சொல் எண்ணத்தக்கவற்றுக்கும், 'மோர்' அளவுக்கும் வழங்கின. பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு 'மோ' வழக்கொழிந்தது. மிச்சமிருந்த ஒரு சொல்லின் தலையில் இரண்டு சுமையும் விழுந்தது. தீர்வு எழுதுகிறவர் கையில்தான்: ஒப்புநிலை வினையடையைப் பெயருக்கு முன்னால் அடுக்காமல் வினைக்குப் பின்னால் கொண்டுபோய், 'விதிகள்... ரிட்டன் மோர் கிளியர்லி' என்று முடித்துவிட வேண்டும். வாக்கியம் சற்று நீளும், பொருள் உடையாது.

அடுத்த கண்ணி, ஒப்பீட்டை இணைக்கும் 'தேன்' என்ற சொல். அதற்குப் பின்னால் எழுத்தாளர் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறாரோ அதையெல்லாம் வாசகர் நிரப்பிக்கொள்ள வேண்டும். 'ஷீ ட்ரஸ்ட்ஸ் யூ மோர் தேன் மீ' என்றால், அவள் என்னை நம்புவதைவிட உன்னை நம்புகிறாள் என்பதா, நான் உன்னை நம்புவதைவிட அவள் அதிகமாக நம்புகிறாள் என்பதா? விடுபட்ட வினையை மனத்துக்குள் நிரப்பிப் பார்த்து 'ஐ' அல்லது 'மீ' எழுதுங்கள் என்பது லவுத் காட்டிய வழி. வினையைத் தாளிலேயே எழுதிவிடுவது அதைவிட நல்ல வழி. விலைவாசி சென்னையில் மும்பையைவிட வேகமாக ஏறியது என்று எழுதும்போது 'மும்பை'க்கு முன்னால் இன்னொரு 'இன்' வேண்டும். இல்லையென்றால் மும்பை நகரமே ஏறியதாகப் பொருள்படும். 'ஆஸ் வெல் ஆர் பெட்டர் தேன்' என்று எழுதுவோர் ஓர் 'ஆஸ்' விட்டுவிடுகிறார்கள். 'ஆஸ் வெல் ஆஸ், ஆர் பெட்டர் தேன்' என்பதே முழு வடிவம். 'த்ரீ டைம்ஸ் ஃபாஸ்டர்' என்பது மூன்று மடங்கு வேகமா, மூன்று மடங்கு கூடுதலாகி நான்கு மடங்கா என்ற ஐயத்தைக் கிளப்பும். அறிவியல் எழுத்தில் எண்ணையே கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

விளம்பரங்களில் 'தேன்' முற்றாகவே மறைந்துவிடுகிறது. 'லாஸ்ட்ஸ் லாங்கர்', 'கிளீன்ஸ் பெட்டர்' என்பதோடு நின்றுவிடுவார்கள். எதைவிட என்ற கேள்விக்கு விடை கிடையாது. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் நெறிமுறை கேட்பது, அடிப்படையில் ஓர் இலக்கணக் கோரிக்கைதான்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி ஏன் கடினம் என்பதையும் பார்க்க வேண்டும். 1856-இல் வெளிவந்த திராவிட ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், ஒப்புநிலைக்கும் உச்சநிலைக்கும் திராவிட மொழிகளில் தனி விகுதி இல்லை என்று எழுதினார். நம் மொழியில் 'வேகமாக' என்ற சொல் எப்போதும் மாறாது. 'அவனைவிட வேகமாக ஓடினாள்' என்கிறோம். ஒப்பீட்டின் முழுப் பாரத்தையும் ஒப்பிடப்படும் பெயர் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பாரம் வினையடைமேல் ஏறுகிறது. அதனால்தான் நம் மாணவர்கள் 'தேன்' போட மறப்பதில்லை, 'எர்' போட மறக்கிறார்கள். மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இரண்டையும் சேர்த்து 'மோர் ஃபாஸ்டர்' என்கிறார்கள். 'கம்பேரட்டிவ்லி பெட்டர்' நம் அலுவலகக் கடிதங்களில் நிலைத்துவிட்டதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். 'பெட்டர்' என்ற சொல்லிலேயே ஒப்பீடு இருக்கிறது. 'கம்பேரட்டிவ்லி' வந்தால் அதன் பின் 'குட்' போதும். 'நோ சூனர்' என்று தொடங்கிவிட்டு 'வென்' என்று முடிப்பதும் இதே இனத்துப் பிழை. 'சூனர்' ஓர் ஒப்புநிலை வினையடை என்று தெரிந்தவருக்கு அதன் துணை 'தேன்' மட்டுமே என்பதும் தெரிந்துவிடும். தெரியாதவர் அதைத் தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்கிறார்.

ஆங்கில ஆசிரியர்களுக்கும் கேள்வித்தாள் அமைப்போருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மலைகளின் உயரத்தையும் நகரங்களின் பரப்பையும் ஒப்பிடச் சொல்லும் கேள்விகளில் பாதியைக் குறையுங்கள். அந்த இடத்தில், ஒரு செயல் எப்படி நடந்தது என்று ஒப்பிடும் வாக்கியங்களைக் கொடுங்கள். 'டீப்பர்', 'மோர் டீப்லி' இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாட்டைக் கேளுங்கள். 'மோர் கிளியர்லி ரிட்டன் ரூல்ஸ்' என்ற தொடரைக் கொடுத்து அதன் இரண்டு பொருளையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதைச் சரியாக எழுதும் மாணவர் நாளை ஓர் ஆங்கில ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்போது, கையெழுத்திடும் முன் இன்னொரு முறை படிப்பார்.